எடுத்து வைத்துவிட்டு எழுந்திருக்கும் வேலை

கைக்குழந்தையோடு வீட்டில் இருக்கும் பெண்ணுக்கு வருமானத்துக்கு ஒரு வழி சொல்லுங்கள் என்று யாரிடம் கேட்டாலும் அநேகமாக மூன்று பதில்களே வருகின்றன. ஒரு தையல் மெஷின் வாங்கிப் போடு. மாடியில் நாலு தொட்டி வைத்துக் கீரை போடு. கேக் செய்யப் பழகிக்கொள், வாட்ஸ்அப்பில் ஸ்டேட்டஸ் வைத்தால் ஆர்டர் வரும். சொல்கிறவர்கள் அக்கறையோடுதான் சொல்கிறார்கள். கேட்கிறவளும் நம்பிக்கையோடுதான் கேட்டுக்கொள்கிறாள். இருந்தும் இந்த மூன்றும் ஏன் எப்போதும் சேர்ந்தே வருகின்றன என்ற கேள்வி மனதின் ஓரத்தில் உறுத்திக்கொண்டே இருக்கிறது. மூன்றிலும் பணம் கொட்டுவதில்லை. மூன்றுக்கும் வேண்டிய திறமையும் ஒன்றில்லை. துணிக்குக் கண் வேண்டும், செடிக்குப் பொறுமை வேண்டும், மாவுக்கு அளவு வேண்டும். குழந்தை அழுதால் அப்படியே எடுத்து வைத்துவிட்டு எழுந்துவிடலாம் என்ற எண்ணம் ஒன்றுதான் மூன்றுக்கும் பொது. ஓர் ஆணுக்குத் தொழில் பார்த்துச் சொல்லும்போது என்ன கிடைக்கும், எவ்வளவு முதல் போட வேண்டும், நிலைக்குமா என்று பார்க்கிறோம். பாதியில் போட்டுவிட்டு எழ முடியுமா என்று பார்ப்பதில்லை. தாயானவளுக்கும் தாயாகப் போகிறவளுக்கும் மட்டும் அதுவே முதல் தகுதியாகிவிடுகிறது.

சூலக்கரையில் இந்த யோசனைக்கு வேறொரு கனம் இருக்கிறது. விருதுநகரிலிருந்து சாத்தூர் போகும் நான்குவழிச் சாலையை ஒட்டிய ஊர். பக்கத்தில் தொழிற்பேட்டை, சற்றுத் தள்ளி மாவட்ட ஆட்சியர் அலுவலகம், அப்பால் வெயிலில் வெடித்துக் கிடக்கும் கரிசல். தெற்கிலும் மேற்கிலும் சாத்தூர், சிவகாசி, வெம்பக்கோட்டை என்று பட்டாசுக்கும் தீப்பெட்டிக்கும் பெயர்போன வட்டாரம். அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுவந்து 1923இல் சிவகாசியில் தொடங்கியதிலிருந்து நூறாண்டு கடந்துவிட்டது. அந்த நூறாண்டும் இந்தத் தொழில் பெரும்பாலும் பெண்களின் விரல்களில்தான் ஓடியிருக்கிறது. குச்சி அடுக்கியது, பெட்டி ஒட்டியது, காகிதக் குழாய் சுற்றியது, திரி வைத்தது எல்லாம் அவர்கள். 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியிலும் 2021 பிப்ரவரி 12 அன்று அச்சங்குளத்திலும் நடந்த பட்டாசு ஆலை வெடிவிபத்துகளை இங்கே யாருக்கும் நினைவூட்ட வேண்டியதில்லை. ஒரு பெண் மாசமாக இருக்கிறாள் என்று தெரிந்ததும் வீட்டில் எழுகிற முதல் பேச்சு, இனிமேல் மருந்துப் பக்கம் போக வேண்டாம் என்பதுதான். இந்த ஊர்ப் பேச்சில் மருந்து என்றால் வெடிமருந்து. அலுமினியப் பொடியும் கந்தகமும் பொட்டாசியம் நைட்ரேட்டும் படிந்த கையால் வயிற்றைத் தடவிப் பார்த்துக்கொள்ள எந்தத் தாய்க்கும் மனம் வராது. ஆகவே காலையில் பட்டாசு ஆலை வேனில் ஏறுவது நிற்கிறது. நின்ற இடத்தில் தையல் மெஷின் வந்து உட்காருகிறது. வேறு ஊர்களில் வீட்டுத் தையலைப் பொழுதுபோக்கு என்று சொல்லிக்கொள்ள முடியலாம். இங்கே அது உயிர்ப் பயத்திலிருந்து எடுத்துவைத்த ஓர் அடி. அந்த அடியைக் குறை சொல்வதற்கில்லை. அதற்குப் பிறகு என்ன ஆகிறது என்பதுதான் யோசிக்க வேண்டியதாக இருக்கிறது.

1961ஆம் ஆண்டின் பேறுகாலப் பயன் சட்டத்தைப் படித்துப் பார்த்தால் ஒன்று தெரிகிறது. ஒரு தாயின் வேலை இடையிடையே அறுபடும் என்பதை அந்தச் சட்டம் நன்றாக அறிந்திருந்தது. பிரசவத்துக்குப் பின் 6 வாரம் அவளை வேலைக்கு வைக்கவே கூடாது என்றது. குழந்தைக்கு 15 மாதம் ஆகும்வரை நாளொன்றுக்கு இரண்டு முறை பாலூட்ட இடைவேளை கொடு என்றது. 2017இல் திருத்தியபோது சம்பளத்தோடு கூடிய விடுப்பை 26 வாரமாக்கினார்கள். 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளக் காப்பகம் வேண்டும் என்றும் சேர்த்தார்கள். வேலை நிற்கும் நேரத்தின் செலவை முதலாளி ஏற்க வேண்டும் என்பதே இவ்வளவுக்கும் அடிப்படை. அதே பெண் வீட்டில் மெஷின் போட்டுக்கொண்டதும் எல்லாம் தலைகீழாகிறது. பால் கொடுக்க எழுந்தால் அவள் கூலி குறைகிறது. குழந்தைக்குக் காய்ச்சல் வந்தால் அந்த வாரத்துக் கூலி போகிறது. நினைத்த நேரத்தில் எழுந்துகொள்ளலாம் என்று அவளுக்குச் சொல்லப்பட்ட சுதந்திரத்தின் மறுபக்கம், எழுந்த ஒவ்வொரு முறைக்குமான பணத்தைத் தன் கையிலிருந்தே அவள் கட்டுகிறாள் என்பது. தமிழ்நாட்டில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பேரில் மகப்பேறு நிதியுதவித் திட்டம் இருக்கிறது. 2006இல் 6,000 ரூபாய், 2011இல் 12,000, 2018இல் 18,000 என்று தொகை உயர்ந்துவந்திருக்கிறது. பேறுகாலச் சட்டம் எட்டாத பெண்களுக்கு அரசு நீட்டிய கை அது, பெரிய காரியம்தான். ஆனாலும் 18,000த்தை 26 வாரத்து 182 நாட்களால் வகுத்தால் நாளுக்கு நூறு ரூபாய்கூட வருவதில்லை. மீதியை அவள் மிதித்துத்தான் சேர்க்க வேண்டும்.

மிதிப்பது என்பதை நின்று பார்க்க வேண்டும். மோட்டார் வைக்காத கால்மெஷினில், பலகைக்குக் கீழே இரும்புப் பெடல், அதிலிருந்து சக்கரம், சக்கரத்திலிருந்து மேலே ஏறும் வார். இரண்டு பாதமும் குதிகாலும் விரல்நுனியுமாக மாறிமாறி அழுந்த, தொடையும் அடிவயிறும் அந்த அசைவை வாங்கிக்கொள்கின்றன. ஐந்தாம் மாதம்வரை பெரிய தொந்தரவு தெரிவதில்லை. ஏழாம் மாதத்தில் வயிறு பலகையின் விளிம்பைத் தொடுகிறது. நாற்காலியைப் பின்னால் தள்ள வேண்டும். தள்ளினால் ஊசிமுனை தூரமாகிறது. தூரமானால் கை நீள்கிறது, முதுகு வளைகிறது, தோள்பட்டை கடுக்கிறது. சாயங்காலத்தில் கால் வீங்கி, கொலுசு பதிந்த இடத்தில் தடம் விழுகிறது. மணிக்கு ஒரு தரம் எழுந்து நடக்கச் சொல்வார்கள் ஆஸ்பத்திரியில். எழுந்து நடந்தால் தைக்க வந்த துணிக்கட்டு முடியாது. கோடையில் ஃபேன் போட்டால் மெல்லிய துணி பறக்கிறது. நிறுத்தினால் வேர்வை துணியில் சொட்டிக் கறையாகிறது. ராஜபாளையத்தை அடுத்த தளவாய்புரம் நைட்டிக்குப் பெயர்போன ஊர். வெட்டிய துணி கட்டுக்கட்டாக வீடுகளுக்குப் போகிறது, தைத்துத் திரும்புகிறது, உருப்படிக்கு இவ்வளவு என்று கூலி. உருப்படிக் கணக்கில் வயிற்றுக்கென்று தனி விகிதம் கிடையாது. நிறைமாதக்காரி தைத்த நைட்டிக்கும் கல்யாணமாகாத பெண் தைத்த நைட்டிக்கும் ஒரே விலை. இது சமத்துவம் போலத் தோன்றும். மெதுவாகத் தைக்க வேண்டிய மாதங்களில் அவளுடைய நாள்கூலியை யாரும் கை வைக்காமலே குறைத்துவிடும் ஏற்பாடு அது.

அரசும் மெஷின் கொடுக்கிறது. சத்தியவாணிமுத்து அம்மையார் நினைவாக இலவசத் தையல் இயந்திரம் வழங்கும் திட்டம் பல காலமாக நடந்துவருகிறது. கைம்பெண்கள், கணவனால் கைவிடப்பட்டவர்கள், ஏழைப் பெண்கள், மாற்றுத்திறனாளிகள் விண்ணப்பிக்கலாம், வயது 20 முதல் 40 வரை. அந்த வயது வரம்பைப் படிக்கும்போதெல்லாம் ஒரு யோசனை ஓடும். கர்ப்பமும் பிரசவமும் பாலூட்டலும் மூத்ததைப் பள்ளிக்கு அனுப்புவதும் நடப்பது ஏறக்குறைய அதே 20க்கும் 40க்கும் இடையில்தான். மெஷின் இருக்கிறது. மெஷினில் உட்காருவதற்கான நேரத்தை யார் கொடுப்பது?

வழக்கம் கொஞ்சம் கொடுத்திருக்கிறது. பிள்ளைத்தாய்ச்சி கிரகண நேரத்தில் ஊசி தொடக் கூடாது, கத்தரிக்கோல் எடுக்கக் கூடாது, தொட்டால் பிள்ளைக்கு உதடு பிளந்துவிடும் என்று இந்தப் பக்கத்துக் கிழவிகள் இன்றும் சொல்கிறார்கள். உதட்டுப் பிளவுக்கும் கிரகணத்துக்கும் சம்பந்தமே இல்லை. மருத்துவர்கள் தெளிவாகச் சொல்லிவிட்டார்கள். ஆனால் அந்தச் சில மணி நேரம் மெஷின் மேல் துணி போட்டு மூடப்பட்டிருக்கும். துணி கொண்டுவரும் ஏஜெண்டுக்குப் பதில் சொல்ல வேண்டாம், மாமியாரிடம் காரணம் சொல்ல வேண்டாம், தனக்கே குற்றவுணர்வு வேண்டாம். ஏழாம் மாதமோ ஒன்பதாம் மாதமோ வளையல் போட்டு, கட்டுச்சோறு கொடுத்துத் தாய்வீட்டுக்கு அனுப்பும் வழக்கமும் அப்படித்தான். மெஷின் புகுந்தவீட்டில் இருக்கும், அவள் பிறந்தவீட்டில் இருப்பாள். தலைப்பிரசவத்துக்காவது அந்தத் தூரம் அவளுக்கு ஓய்வாக இருந்தது. இதையெல்லாம் எழுதும்போது ஒரு தயக்கம் வராமல் இல்லை. பழைய வழக்கத்தைப் புகழ ஆரம்பித்தால், தீட்டு என்று சொல்லி அவளை மூலையில் உட்காரவைத்ததையும் பத்தியம் என்ற பெயரில் அவள் தட்டிலிருந்து காயையும் பழத்தையும் எடுத்ததையும் சேர்த்தே புகழ வேண்டிவரும். அந்த வழக்கங்களில் ஓய்வு ஓர் உரிமையாக இருந்ததில்லை. பயத்துக்குள்ளும் விலக்குக்குள்ளும் பொதிந்து வைக்கப்பட்டிருந்தது. பயம் குறைந்துவருகிறது, நல்லது. கூடவே அந்த ஓய்வும் குறைந்துவருவதை யாரும் கவனிக்கவில்லை.

பிறக்கப்போகும் குழந்தைக்கு முன்கூட்டியே துணி தைத்து வைக்கும் பழக்கம் பல வீடுகளில் இல்லை. கண்பட்டுவிடும் என்ற அச்சம். பிறந்ததும் முதலில் சுற்றுவது பழைய வேட்டித் துணிதான். தாத்தாவோ அப்பாவோ பல வருடம் கட்டித் துவைத்துத் துவைத்து நூலெல்லாம் தளர்ந்து, தொட்டால் பூப்போல இருக்கும் துணி. தொட்டிலுக்கு அம்மாவின் பழைய நூல்சேலை. புதுத்துணியின் கஞ்சி விறைப்பு பிஞ்சுத் தோலுக்கு ஆகாது என்பதில் மறுக்க முடியாத அறிவு இருக்கிறது. ஆகவே ஊருக்கெல்லாம் நைட்டியும் ஜாக்கெட்டும் தைத்தவள் தன் பிள்ளைக்கு ஒரு தையல்கூடப் போடாமல்தான் பிரசவ அறைக்குப் போகிறாள். பதினாறு நாள் கழிந்த பிறகு ஒரு மத்தியானம், வெட்டிமிச்சமான காட்டன் துண்டுகளை எடுத்து, முதுகுப்பக்கம் இரண்டு நாடா வைத்து ஜப்லா தைக்க உட்காருவாள். கழுத்து வளைவுக்கு அளவு எடுக்க டேப் வேண்டாம். கட்டைவிரலும் ஆள்காட்டிவிரலும் போதும். அந்தச் சின்னத் துணிக்குப் பாபினில் இருக்கும் மிச்ச நூலே காணும். ஓரம் மடிக்கும்போது தையல் உள்பக்கம் உறுத்தாமல் இருக்க வெளியே திருப்பித் தைப்பாள். இதற்குக் கூலி கிடையாது, ஏஜெண்டு கிடையாது. இதே கை, இதே மெஷின், ஆனால் வேலையே வேறு. வீட்டுத் தையலைச் சுரண்டல் என்ற ஒரு சொல்லால் மூடிவிட நினைக்கும்போதெல்லாம் இந்த ஜப்லா குறுக்கே வந்து நிற்கிறது. செய்வதில் இருக்கும் சந்தோஷத்தைக் கணக்கில் சேர்க்காத விமர்சனமும் அந்தப் பெண்ணைப் பாதியாகத்தான் பார்க்கிறது.

கேக் விஷயம் இன்னும் சிக்கலானது. 2020இல் ஊரடங்கு காலத்தில் பேக்கரிகள் மூடிக் கிடந்தபோது வீட்டுக் கேக் சின்ன ஊர்களுக்கும் வந்தது. குக்கரில் மணல் பரப்பி வேகவைத்தவர்கள் பிறகு ஓவன் வாங்கினார்கள். ஆண்டு விற்றுவரவு 12 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் உணவுப் பாதுகாப்புத் துறையில் ஆண்டுக்கு 100 ரூபாய் கட்டிப் பதிவு செய்துகொள்ள முடிந்தது. வீட்டுச் சமையலறையே தொழிற்கூடமாகிவிட்டது. காராசேவுக்குச் சாத்தூரும் பால்கோவாவுக்கு ஸ்ரீவில்லிபுத்தூரும் இருக்கிற மாவட்டத்தில், முதல் பிறந்தநாளுக்குப் பொம்மை வைத்த கேக் வேண்டும் என்கிற ஆசைக்கு இவர்கள்தான் கதி. ஆனால் மசக்கை வந்த மாதத்தில் முட்டை உடைத்துப் பாருங்கள். எசென்ஸ் பாட்டிலின் மூடியைத் திறந்ததும் அடிவயிற்றிலிருந்து புரட்டும். வெண்ணெயும் சர்க்கரையும் சேர்த்து அடிக்கும்போது எழும் அந்தக் கனத்த வாசனையை மூக்கில் துணி கட்டிக்கொண்டு தாங்க வேண்டியிருக்கும். கிரீம் சரியாக இருக்கிறதா என்று விரல்நுனியில் தொட்டு நாக்கில் வைக்காமல் கேக் செய்ய முடியாது; அதுவும் ஒரு கவலை. தமிழ்நாட்டில் கர்ப்பிணிகள் எல்லோருக்கும் சர்க்கரைப் பரிசோதனை செய்கிறார்கள், டாக்டர் வி. சேஷையா வலியுறுத்திக் கொண்டுவந்த முறை. 75 கிராம் குளுக்கோஸைக் கரைத்துக் குடித்து, 2 மணி நேரம் கழித்து ரத்தம் எடுத்து, 140ஐத் தொட்டாலோ தாண்டினாலோ கர்ப்பகாலச் சர்க்கரை. அப்படி வந்துவிட்டால், இனிப்பையே வேலையாக வைத்திருப்பவள் வீட்டுக்குள் எங்கே ஒதுங்குவாள்?

இன்னொன்று, எடுத்து வைத்துவிட்டு எழலாம் என்பது கேக்குக்குப் பொருந்தவே பொருந்தாது. வெட்டிய துணி காத்திருக்கும், ஒரு வாரம்கூட. பேக்கிங் பவுடர் சேர்த்த மாவு காத்திருக்காது. கலந்ததும் ஓவனுக்குள் போயாக வேண்டும், இல்லாவிட்டால் காற்றெல்லாம் இறங்கிக் களியாகிவிடும். வேகும்போது பாதியில் கதவைத் திறந்தால் நடுவில் குழி விழும். சித்திரை வெயிலில் 40 டிகிரியைத் தொடும் ஊரில், அடித்த கிரீமைப் பூசி முடிப்பதற்குள் ஓரம் வழியும். கரண்ட் போனால் ஃபிரிட்ஜில் இருப்பதும் போச்சு. பிறந்தநாளைத் தள்ளிவைக்க முடியாது. ஆறு மணிக்குக் கேக் வெட்ட வேண்டிய வீட்டிலிருந்து நாலு மணிக்கே போன் வரும். அந்த இரண்டு மணி நேரத்தில் பிள்ளை பசித்து அழுதால், அவள் இடது தோளில் குழந்தையும் வலது கையில் கோனுமாக நின்றுகொண்டு ரோஜா பிழிவாள். வீட்டில் இருப்பதாலேயே இது எளிது என்று நினைப்பது, இந்த வேலையைக் கிட்டே நின்று பார்க்காதவர்களின் கற்பனை.

தோட்டத்தில்தான் பணம் மிகக் குறைவு. ஆனால் மூன்றிலும் ஆர்டர் இல்லாத வேலை அது ஒன்றே. சூலக்கரைப் பக்கம் வீட்டுத் தோட்டம் என்றால் பெரிதாக எதுவும் இல்லை. குளிக்கிற தண்ணீர் ஓடும் இடத்தில் ஒரு முருங்கை, ஒரு கறிவேப்பிலை, தொட்டியில் புதினா, வேலியோரம் மல்லிகை. கரிசல் மண் மழையில் குழைந்து காலைப் பிடித்துக்கொள்ளும், கோடையில் கை நுழையும் அளவுக்கு வெடிக்கும். போர்த் தண்ணீர் பல இடங்களில் உப்பு. தொட்டியின் மேல்மண்ணில் வெள்ளை பூத்துவிடும். ஆகவே அரிசி கழுவிய தண்ணீரைத் தனியே எடுத்து வைப்பார்கள். நிறைமாதத்தில் குனிந்து குடம் தூக்க முடியாதவள், ஒரு செம்பில் அந்தத் தண்ணீரை எடுத்துவந்து செடி செடியாக ஊற்றுவாள். கையுறை போட்டு மண்ணைக் கிளறு, பூனை அசுத்தம் கிடக்கும் மண்ணைத் தொடாதே என்று மருத்துவர்கள் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது; அதிலிருந்து வரும் டாக்சோபிளாஸ்மா கிருமி கருவைத் தாக்கக்கூடும். சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும், அதுவும் முக்கியம். தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில், 2019–21 சுற்றில், தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுவரையுள்ள பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை என்று வந்தது. வாசலில் முருங்கை நிற்கிற வீட்டிலும் அந்தச் சோகை இருக்கிறது. கீரையை உருவி, ஆய்ந்து, வதக்கி, எல்லோருக்கும் பரிமாறிவிட்டுக் கடைசியில் உட்காருகிறவள் தட்டுக்கு எவ்வளவு மிஞ்சுகிறது என்பதைச் செடி தீர்மானிப்பதில்லை. ஆனாலும் மல்லிகைக் கொடியின் பக்கத்தில் அவள் நிற்கும் அந்தக் கால் மணி நேரத்தை வருமானத்தோடு ஒப்பிட யாரும் கேட்பதில்லை. ஒருவேளை அதனாலேயே மூன்றில் அவள் கடைசியாகக் கைவிடுவது அதுவாக இருக்கலாம்.

வீட்டில் இருக்கும் பெண் ஓய்வு நேரத்தில் செய்கிற வேலை என்று சொல்லும் பழக்கத்துக்கு நீண்ட வரலாறு உண்டு. ஆந்திரத்தில் கோதாவரிக் கரையில் இருக்கும் நரசாப்பூரில் லேஸ் பின்னும் பெண்களைப் பற்றி ஜெர்மானிய சமூகவியலாளர் மரியா மீஸ் 1982இல் ஒரு புத்தகம் எழுதினார். உலகச் சந்தைக்குப் பின்னிக்கொண்டிருந்த அந்தப் பெண்களை வியாபாரிகள் தொழிலாளிகளாக எண்ணவில்லை; ஓய்வு நேரத்தைப் பயனுள்ளதாக்கும் குடும்பப் பெண்கள் என்றே எண்ணினார்கள், பெண்களும் தங்களை அப்படியே எண்ணிக்கொண்டார்கள். அந்த எண்ணம்தான் கூலியைத் தரையோடு வைத்திருந்தது என்பது மீஸின் வாதம். படிக்கும்போது தளவாய்புரம் ஞாபகம் வராமல் இருக்காது. ஆனால் தெற்கே இன்னொரு லேஸ் கதையும் இருக்கிறது. 1820களில் நாகர்கோவிலில் மிஷனரியின் மனைவி மார்த்தா மால்ட் பெண்களுக்கு லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார். அடிமை முறை நடப்பில் இருந்த திருவிதாங்கூரில், அந்த வருமானத்தைச் சேர்த்து விடுதலையை விலைகொடுத்து வாங்கிய பெண்கள் இருந்தார்கள். ஒரே நூல், ஒரே ஊசி. ஒரு கரையில் அது கூலியை அமுக்கியது, மறுகரையில் ஒருத்தியை விடுவித்தது. இந்த இரண்டில் எது உண்மை என்று கேட்பதைவிட, எந்தச் சூழலில் எது நடக்கிறது என்று கேட்பதே நியாயம் என்று படுகிறது. அகமதாபாத்தில் இலா பட் 1972இல் சுயதொழில் பெண்களுக்கான சேவா சங்கத்தைப் பதிவு செய்யப் போனபோது, உங்களுக்கு முதலாளியே இல்லையே, பிறகு எப்படித் தொழிற்சங்கம் என்று அதிகாரிகள் மறுத்தார்கள். வாதாடித்தான் பதிவு வாங்கினார். வீட்டுக்குள் தைக்கிறவளும் தொழிலாளிதான் என்பதை நிறுவவே அவ்வளவு போராட வேண்டியிருந்தது.

நேரத்தைக் கணக்கிட்டுப் பார்த்தவர்களும் இருக்கிறார்கள். மத்தியப் புள்ளியியல் துறையின் 2024 நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, கூலியில்லா வீட்டு வேலையில் ஈடுபடும் பெண் அதற்கு நாளுக்கு 289 நிமிடம் செலவிடுகிறாள், ஆண் 88 நிமிடம். குழந்தைகளையும் முதியவர்களையும் பார்த்துக்கொள்வதில் அவள் 137, அவன் 75. இந்த எண்களை ஒரு நாளில் பொருத்திப் பார்த்தால், மெஷினுக்கும் ஓவனுக்கும் எஞ்சுவது வீடு உறங்கிய பின் வரும் இரவுதான். தமிழக அரசு 2023 செப்டம்பரில் கலைஞர் மகளிர் உரிமைத் தொகையாக மாதம் 1,000 ரூபாய் கொடுக்க ஆரம்பித்தபோது, அதைப் பெண்ணின் ஊதியமில்லா உழைப்புக்கான அங்கீகாரம் என்றே அறிவித்தது. அந்த அங்கீகாரம் சின்னதில்லை. விருதுநகர் வட்டாரத்தில் பல பெண்களுக்கு மெஷின் எண்ணெய்க்கும் நூல்கண்டுக்கும் யாரிடமும் கேட்காமல் எடுக்க முடிகிற முதல் பணம் அதுதான். ஆனால் அந்த 289 நிமிடத்தில் ஒரு நிமிடத்தைக்கூட வீட்டிலுள்ள ஆண் பக்கம் அது நகர்த்தவில்லை.

இவ்வளவு யோசித்த பிறகும் மிகவும் தொந்தரவு செய்வது வேறொன்று. மெஷினுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, தைத்து விழும் நைட்டியில் நூல் பிசிறு வெட்டும் மூத்த பெண்பிள்ளை. ஜாக்கெட்டுக்குக் கொக்கி தைக்கும் ஒன்பது வயது விரல்கள். சலம் பென்னுர்கர் 1990இல் எடுத்த ‘குட்டி ஜப்பானின் குழந்தைகள்’ படம் சிவகாசிக் குழந்தைத் தொழிலாளர்களை வெளியுலகத்துக்குக் காட்டியது. எம்.சி. மேத்தா வழக்கில் 1996 டிசம்பரில் உச்சநீதிமன்றம், அபாயத் தொழிலில் குழந்தையை வைக்கும் முதலாளி தலைக்கு 20,000 ரூபாய் கட்ட வேண்டும் என்றது. ஆலைகளிலிருந்து பிள்ளைகள் பள்ளிக்குப் போனார்கள்; இந்த மாவட்டம் நிஜமாகவே சாதித்த மாற்றம் அது. ஆனால் 1986ஆம் ஆண்டுச் சட்டம், குடும்பத்தினர் உதவியோடு நடக்கும் வீட்டுப் பட்டறையைத் தடையிலிருந்து விலக்கியிருந்தது. 2016இல் திருத்தியபோதும், பள்ளி நேரத்துக்குப் பிறகு, அபாயமில்லாத குடும்பத் தொழிலில் பிள்ளை உதவலாம் என்று வைத்தார்கள். அம்மாவிடமிருந்து தையல் கற்றுக்கொள்வது எங்கே முடிந்து, அம்மாவின் கட்டு முடியாததால் பிள்ளை வேலை செய்வது எங்கே ஆரம்பிக்கிறது? வயிற்றில் ஒன்றும் இடுப்பில் ஒன்றுமாக இருக்கிறவளிடம் அந்தக் கோட்டைக் கீறிக் காட்டச் சொல்வது கொடுமை. கூலி போதாதபோது வீடு முழுவதும் மெஷினுக்குள் இழுக்கப்படுகிறது. தீப்பெட்டி ஒட்டிய காலத்திலும் அப்படித்தான், அம்மா மடியில் பசைக் கிண்ணம் இருக்கும், பிள்ளைகள் சுற்றி உட்கார்ந்திருக்கும்.

வீடுசார்ந்த தொழிலாளர்கள் உலகில் சுமார் 26 கோடிப் பேர் என்று சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 2019ஆம் ஆண்டுக்கு மதிப்பிட்டது. பாதிக்கு மேல் பெண்கள். அந்த அமைப்பு 1996இல் கொண்டுவந்த 177ஆவது உடன்படிக்கை, வீட்டில் கூலிக்கு வேலை செய்கிறவளுக்கும் மற்ற தொழிலாளிக்கு உள்ளதுபோல மகப்பேறு பாதுகாப்பு வேண்டும் என்கிறது. இந்தியா அதை இன்னும் ஏற்று உறுதி செய்யவில்லை. இந்தப் பக்கத்தில் இ. குமாரலிங்கபுரத்தில் ஆயிரம் ஏக்கருக்கு மேல் பி.எம். மித்ரா ஜவுளிப் பூங்கா வருகிறது. வேலை வரும், வர வேண்டும்; பட்டாசு வேனைத் தவிர வேறு வண்டியில் ஏற இந்தப் பெண்களுக்கு ஒரு வழி வேண்டும். பூங்காவுக்குள் இருக்கும் ஆலைக்கு 26 வார விடுப்பும் பாலூட்டும் இடைவேளையும் குழந்தைக் காப்பகமும் கட்டாயம். அந்த ஆலையில் வெட்டிய துணி ஏஜெண்டின் டெம்போவில் ஏறிச் சூலக்கரையில் ஒரு வீட்டு வாசலில் இறங்கினால், இவற்றில் ஒன்றும் கூட இறங்காது. இறங்க வைக்க முடியாததில்லை. உருப்படிக் கூலியோடு பேறுகால நிதிக்கென ஒரு தொகையைத் துணி கொடுக்கும் கம்பெனியிடமே வசூலித்து, தையல் தொழிலாளர் நல வாரியத்தில் அவள் பெயரில் சேர்க்கலாம். யாருக்கு எத்தனை கட்டு போகிறது என்பது ஏஜெண்டின் நோட்டில் ஏற்கெனவே பெயரோடும் தேதியோடும் இருக்கிறது. பூங்காவுக்கு நிலமும் சாலையும் தண்ணீரும் பேசப்படும் இந்த நாட்களிலேயே இதையும் பேசிவிட வேண்டும். முதல் கட்டுத் துணி வெளியே போய்விட்ட பிறகு கூலி நிலைத்துவிடும், அப்புறம் அதை அசைக்கப் பல வருடம் ஆகும்.